இசக்கிச்செல்வி மிட்டாய்

சங்கரன்கோவிலில் ஒரு மிட்டாய்க்கு இசக்கிச்செல்வியின் பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்குரியவள் இன்னும் உயிரோடு இருக்கிறாள் என்பதுதான் பலருக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டில் காய்கறிப் பையோடு அவள் நிற்கும்போது, பக்கத்துக் கடையில் யாராவது, "அரைக் கிலோ இசக்கிச்செல்வி போடுங்க. தூளாப் போட்டுராதீங்க, துண்டு துண்டா இருக்கட்டும்" என்பார்கள். அவளும் கேட்டுக்கொண்டு நிற்பாள். தன்னை நிறுத்து, துண்டு பார்த்து, அட்டைப் பெட்டியில் போட்டு ரப்பர் பேண்டு மாட்டுவதை முப்பது வருடத்துக்கு மேலாகக் கேட்டாயிற்று. ஒரு நாள்கூட அவள் அந்த மிட்டாயை வாயில் வைத்ததில்லை.

நல்ல மிட்டாய்தான். அதைச் சொல்லாவிட்டால் பாவம். அரிசியும் உளுந்தும் ஆட்டி, மாவைத் துணியில் கட்டி, காய்ந்த எண்ணெயில் வளையம் வளையமாகப் பிழிந்து, சுக்கு தட்டிப் போட்ட கருப்பட்டிப் பாகில் முக்கி எடுப்பது. இந்தப் பக்கத்துத் திருவிழாக் கடைகளில் எல்லாம் கருப்பட்டி மிட்டாய் என்று கிடைக்கும். மற்றவர்கள் போடுவது மெத்தென்று இருக்கும். ஆவுடையப்பன் கடையில் போடுவது மட்டும் மொறுமொறுவென்று இறுகி, கை பட்டாலே நொறுங்கும். நொறுங்குவதால்தான் அதற்கு அவள் பெயர்.

ஆவுடையப்பனின் மூத்த மகன் நெல்லைநாயகம் ஒரு நாள் சாயங்காலம் தட்டில் பழம், வெற்றிலை பாக்கு, சேலை எல்லாம் வைத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். தெரு முழுக்கத் தறிச் சத்தம். அதற்கு மேல் குரலை உயர்த்தித்தான் யாரும் அங்கே பேச முடியும். ஆகவே நெல்லைநாயகம் மரியாதையைக்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"யக்கா! ராஜபாளையம் ரோட்ல புதுக்கடை போட்டிருக்கோம். ஏசி, கண்ணாடி, எல்லாம் புதுசு. ஆடித்தபசுக்கு ஊரு நெறையுமுன்ன தெறந்துரணும். வார வெள்ளிக்கெழம நீங்கதான் வந்து ரிப்பன் வெட்டணும்!"

"நான் எதுக்கு?"

"உங்க பேருலதானக்கா எங்க யாவாரமே ஓடுது!"

இதை அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். தாலி இல்லாதவள் கையால் ரிப்பனா என்று அவர் வீட்டில் முணுமுணுத்தார்களாம். விளக்கை நம் வீட்டுப் பொம்பளைகள் ஏற்றட்டும், வீடியோவுக்கு இசக்கிச்செல்விதான் வேண்டும் என்று அவர் அடித்துச் சொல்லிவிட்டார். கெட்டிக்கார மனிதர். துபாய்க்கும் சென்னைக்கும் பெட்டி பெட்டியாக மிட்டாய் அனுப்புகிறவருக்கு எது விற்கும் என்று தெரியாமல் இருக்குமா.

மிட்டாய் பிறந்த கதையைக் கடை முகப்பில் பெரிய எழுத்தில் ஒட்டப்போவதாகச் சொல்லி, போனில் இருந்த படத்தை நீட்டினார். இசக்கிச்செல்விக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது. அவள் மகள் பொன்செல்வி, தாலுகா ஆபீஸில் வேலை முடிந்து அப்போதுதான் வந்தவள், வாங்கி வாசித்தாள்.

"கலைக்கு எங்கள் காணிக்கை. கரகாட்டப் பேரொளி இசக்கிச்செல்வி அவர்கள் ஒரு கோயில் கொடையில் ஆடியபோது, கால் இடறிக் கரகம் கீழே விழுந்தது. விழுந்த கரகத்தை எடுத்து வைத்து மீண்டும் ஆடிய அந்தக் கலைஞரின் மன உறுதியில் நெகிழ்ந்த எங்கள் நிறுவனர் ஆவுடையப்பன் அவர்கள், அன்று உடைந்துபோன தம் மிட்டாய்க்கு அவர் பெயரையே சூட்டி மகிழ்ந்தார்."

கடைசி வரியைப் பொன்செல்வி இரண்டு தடவை வாசித்தாள். "எம்மா, எவ்வளவு நல்லா எழுதியிருக்காவ பாத்தியா?"

"கால் இடறின்னு போட்டிருக்கா?" என்று கேட்டாள் இசக்கிச்செல்வி.

"ஆமா."

"அத எடுக்கச் சொல்லு."

நெல்லைநாயகத்துக்குப் புரியவில்லை. "எதக்கா எடுக்க? விழுந்ததுலதான கதையே இருக்கு?"

"என் கால் இடறல. கரகம் தானா விழல. நான்தான் போட்டேன்."

அவர் ஒரு நொடி விழித்தார். பிறகு, வயதானவர்கள் ஏதாவது சொன்னால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பைச் சிரித்தார். "சரிக்கா, அதெல்லாம் பேசிக்கிடலாம். ஒம்பதரைக்குள்ள வந்துருங்க" என்று தட்டைப் பெஞ்சியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பொன்செல்வி உள்ளே போகவில்லை. கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள். "என்னம்மா சொல்லுத? அப்பாதான கால் இடறிட்டுன்னு சொன்னாவ?"

"சொன்னாவ. உங்கப்பா இருந்தவரைக்கும் அதுதான் கணக்கு. இப்பம் அவிய இல்ல. இப்பம் நான் சொல்லுதேன், கேளு."

அவள் சொன்னது இது.

கரிவலம்வந்தநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. மேளக்காரர்களுக்கும் ஆட்டக்காரிக்கும் கூலியை ஏற்றுக்கொண்டவர் ஆவுடையப்பன். கொடைக்குக் கடை போட வந்தவரும் அவரேதான். ஒரு பக்கம் அவருடைய மிட்டாய்ச் சட்டி கொதிக்கிறது, மறு பக்கம் அவர் செலவில் ஆட்டம் நடக்கிறது. இசக்கிச்செல்விக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. அவள் புருசன் ஆறுமுகச்சாமி தவில்காரர். அவர் அடிக்கிற அடிக்கு அவள் தலை அசையும், அவள் கால் வைக்கிற இடத்துக்கு அவர் குச்சி வந்து நிற்கும். தலையில் இருப்பது பித்தளைக் குடம், கழுத்துவரை அரிசி போட்டது, அதன் மேல் பூ அலங்காரம், உச்சியில் மரக்கிளி. அந்தக் குடத்தோடு அவள் தரையில் படுத்துப் புரண்டு எழுந்திருப்பாள். ஏணியில் ஏறி மறுபக்கம் இறங்குவாள். கிளி திரும்பிக்கூடப் பார்க்காது. அப்பேர்ப்பட்டவளுக்குச் சமதரையில் கால் இடறியதாம்! நம்புகிறவர்களும் இருந்தார்கள். முப்பது வருடமாக நம்பினார்கள்.

ஆட்டம் பிடித்துப்போனால் ஆட்டக்காரிக்கு ரூபாய் நோட்டுக் குத்துவது வழக்கம். சேலைத் தலைப்பில், தோள் மேல், ஒரு ஊக்கால் குத்திவிட்டு ஒதுங்கிப் போவார்கள். குத்துகிறவருக்குப் பெருமை, ஆடுகிறவளுக்கு வரும்படி. ஆவுடையப்பன் அன்றைக்கு மூன்று தடவை மேடைக்கு வந்தார். முதல் தடவை தோளில் குத்தினார். இரண்டாம் தடவை ஊக்கு எங்கேயோ போனது. அவள் ஆட்டத்தோடு ஆட்டமாகச் சுழன்று விலகினாள். விலகியதற்குக் கூட்டம் விசில் அடித்தது. மூன்றாம் தடவை அவர் ஊக்கே கொண்டு வரவில்லை. நோட்டை விரலுக்கிடையில் பிடித்துக்கொண்டு, ரவிக்கைக்குள் கையை வைத்தார். கூட்டம் அதற்கும் விசில் அடித்தது.

இரண்டு கையாலும் அவரைத் தள்ளியிருக்கலாம். தள்ளினால் அது சண்டையாகிவிடும், ஆட்டக்காரி திமிர் பிடித்தவள் என்பார்கள். அவள் கையைத் தூக்கவே இல்லை. தாடையைக் கொஞ்சம் இறக்கினாள், அவ்வளவுதான். இத்தனை வருடம் நேராகவே நின்ற கழுத்து, ஒரே ஒரு தடவை, அவள் சொல்லி வளைந்தது. குடம் சரியாக அவர் நெற்றியில் இறங்கியது.

ரத்தம், அரிசி, பூ எல்லாம் மேடை முழுக்கச் சிதறின. மேளம் நின்றது. இளந்தாரிகள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மேடையைச் சுற்றி நின்றார்கள். நாதஸ்வரக்காரர் வயசாளி, ஓடக்கூட முடியாதவர். ஒத்து ஊதுகிறவர், பம்பைக்காரர், கூட ஆட வந்த சின்னப் பெண், எல்லாரும் அடிபடுகிற நிலைமை. ஆறுமுகச்சாமி தவிலைக் கழற்றி வைத்துவிட்டு ஆவுடையப்பன் காலில் விழுந்தார். "மொதலாளி, இவளுக்குக் கால் இடறிட்டு. தெரியாம நடந்துபோச்சு. மன்னிச்சிருங்க" என்றார். ஆவுடையப்பனுக்கும் அந்தப் பொய் வேண்டியிருந்தது. கையை எங்கே வைத்தீர் என்று யாரும் கேட்காமலிருக்க அதைவிட நல்ல வழி கிடையாது. கால் இடறிட்டு என்று அவரும் சொன்னார், ஊரும் சொன்னது. குடத்தை எடுத்து வைத்து மீண்டும் ஆடினாள் என்று எழுதியிருக்கிறதே, அதுவும் கிடையாது. வேனில் ஏற்றி அனுப்பினார்கள்.

இத்தனை அமளியிலும் அடுப்பை அணைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. முதலாளி மண்டை உடைந்து கிடக்கையில் மிட்டாய் மாஸ்டர் மேடைப் பக்கம் ஓடிவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் பாகு பதம் தாண்டி இறுகிவிட்டது. அதில் முக்கி எடுத்த வளையமெல்லாம் தொட்டால் நொறுங்கியது. கொட்டுவதற்கு மனசு வராமல், தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்த ஆவுடையப்பன், நொறுங்கினதைக் குவித்து வைத்துத் தானே கூவி விற்றார். "வா, வா, கீழ விழுந்த இசக்கிச்செல்வி! ஒடஞ்சுபோன இசக்கிச்செல்வி! தொட்டாலே நொறுங்குவா!" என்று. வயிற்றெரிச்சலில் கூவினதுதான். ஆனால் வாங்கித் தின்றவர்களுக்கு ருசி பிடித்துவிட்டது. அடுத்த கொடைக்கு அதையே கேட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் காணிக்கை.

கரகம் விழுந்தால் ஊருக்கு ஆகாது. அந்த ஊரில் பரிகாரம் செய்தார்கள். அந்த வருடம் மழை பொய்த்ததையும் அவள் கணக்கில் எழுதினார்கள். கரகத்தைத் தவறவிட்டவளை அதற்குப் பிறகு யார் கூப்பிடுவார்கள்? ஆறுமுகச்சாமி கல்யாண வீட்டுக்கு வாசிக்கப் போனார். அவள் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றப் போனாள்.

பொன்செல்வி பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "பள்ளிக்கூடத்துல என்னய ஒடஞ்ச மிட்டாய்னு கூப்புடுவாளுவ. நான் அழுதுட்டு வருவேன். அப்பமாவது சொல்லியிருக்கலாம்லா?" என்றாள்.

"சொல்லத்தான் வாயெடுத்தேன். உங்கப்பா மொகத்தப் பாத்தேன். அவிய எங்களுக்காகத்தான் கீழ விழுந்தாவ. நான் போட்டேன்னு சொன்னா அவிய பொய்யில்லா வெளிய வரும்? வாய மூடிக்கிட்டேன்."

"அப்படின்னா இப்பமும் மூடிக்கோம்மா." பொன்செல்வி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மொதத் தடவையா ஊரு உன்னப் பெருமையாச் சொல்லப் போவுது. எங்க ஆபீஸ்ல எல்லாரும் வாராவ. சும்மா நின்னாப் போதும். பொன்னாடைய வாங்கிட்டு வந்துருவோம்."

இசக்கிச்செல்வி கையை விடுவித்துக்கொள்ளவில்லை. கால் இடறியவள் என்று வைததைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். கால் இடறியவள் என்று பாராட்ட வருகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. வைதது காற்றோடு போகும். இது கண்ணாடியில் ஒட்டி, விளக்குப் போட்டு, அவள் செத்த பிறகும் நிற்கும்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்குப் போய்விட்டார்கள். ரோட்டை அடைத்துப் பந்தல், இரண்டு பக்கமும் மைக் செட்டு. கடை வாசலுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன். பக்கத்தில் மேசை போட்டு ஒரு பித்தளைக் குடம், பூ அலங்காரம், மேலே கிளி. வாடகைக்கு எடுத்த கிளி போலிருக்கிறது, ஒரு பக்க இறக்கை இல்லை. சாப்பாட்டு வீடியோ போடுகிற கோமதிசங்கர் என்ற பையன் போனைக் குச்சியில் மாட்டி நேரலை ஓட்டிக்கொண்டிருந்தான். ஆவுடையப்பனை நாற்காலியோடு தூக்கி வந்து முன்வரிசையில் வைத்திருந்தார்கள். எண்பது தாண்டிய உடம்பு, ஒட்டிப் போயிருந்தது. நெற்றி நிறைய விபூதி. விபூதிக்குக் கீழே தழும்பு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை.

இசக்கிச்செல்வி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகப்பைப் பார்த்தாள். கால் இடறி. அந்த இரண்டு சொல்லும் அப்படியே இருந்தன.

நெல்லைநாயகம் பொன்னாடை போர்த்தினார். கத்திரியைத் தட்டில் வைத்து நீட்டினார். "யக்கா, மைக்குல ரெண்டு வார்த்த வாழ்த்திட்டு வெட்டிருங்க. பத்தரைக்கு ராகு காலம் பொறந்துரும்" என்று காதோடு சொன்னார். அவள் கத்திரியை வாங்கிக்கொண்டாள். மைக்கையும் வாங்கிக்கொண்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்த மிட்டாயி எம் பேருலதான் இருக்கு. இருக்கட்டும். எம் பேருக்கு நான் எதுக்கு வெக்கப்படணும்? ஆனா மேல எழுதியிருக்கது பொய்யி. எனக்குக் கால் இடறல. ரூவா குத்துதேன்னு வந்த மனுசன் வைக்கக் கூடாத எடத்துல கைய வச்சாரு. நான் கரகத்தச் சாய்ச்சு அவரு தலையில போட்டேன். அந்த மனுசன் இந்தா, முன்னால..."

மைக் செத்துவிட்டது. நெல்லைநாயகம் மைக் செட்டுக்காரரைப் பார்த்துக் கையைக் காட்டியிருந்தார். பாவம், தறித் தெருவில் முப்பது வருடம் பேசின தொண்டை அது என்பதை மறந்துவிட்டார். இசக்கிச்செல்வி மைக்கை மேசையில் வைத்துவிட்டு, மைக்கே தேவைப்படாத குரலில் முடித்தாள்.

"... முன்னால உக்காந்திருக்காரு. ஆவுடையப்ப மொதலாளி!"

கூட்டம் ஒரே சலசலப்பாயிற்று. தாலுகா ஆபீஸ் ஆட்கள் பொன்செல்வியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

கிழவருக்குக் கோபம் வந்ததும் உடம்பில் உயிர் வந்தது. "ஏட்டி, உம் புருசன் ஏங்காலப் புடிச்சி என்னட்டி சொன்னான்? கால் இடறிட்டுன்னு சொன்னானா இல்லையா? இங்க இருக்கவனுவள்ல பாதிப் பேருக்குத் தெரியும். அவன் சொன்னதுக்கு மேல நீ என்ன சொல்லப் போற?"

இதற்குத்தான் இத்தனை வருடம் அவள் பயந்திருந்தாள். கேட்டும் விட்டார். கேட்ட பிறகு பயமில்லை.

"சொன்னாவ. பொய் சொன்னாவ" என்றாள். "கூட வந்தவங்க எல்லாம் அடிபடாம வீடு திரும்பணும்னு சொன்னாவ. அது அவிய பொய்யி இல்லவே, உம்ம பொய்யி. நீருதான் அவிய வாயில வச்சீரு."

முதலாளி போய் 'வே' வந்ததும் கூட்டம் கப்பென்று அடங்கியது. அந்த ஊரில் அவரை அப்படிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. சும்மா இருக்க முடியாமல் கோமதிசங்கர் போனோடு முன்னால் வந்தான். "ஆச்சி, லைவ்ல எல்லாரும் கேக்காங்க. இந்தா கரகம் இருக்கு. தலையில வச்சு ரெண்டே ரெண்டு ஸ்டெப்பு ஆடிக் காமிங்க. உங்களுக்கு இடறாதுன்னு எல்லாரும் நம்பிருவாங்க!"

"ஆமா, ஆடட்டும்!" என்று பின்னாலிருந்து நாலைந்து குரல் வந்தது. யாரோ விசில் அடித்தார்கள். அந்த விசில் அவளுக்குத் தெரிந்த விசில்தான்.

ஆடியிருக்கலாம். முழங்கால் வலி இருந்தது, ஆனால் கழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் குடத்தைத் தலையில் வைத்தால் அது நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். உடம்பு அதைத் தூக்கத் துடித்தது என்றுகூடச் சொல்லலாம். அவள் குடத்தைத் தொடவில்லை.

"ஆட மாட்டேன்" என்றாள். "நான் ஆடிக் காட்டித்தான் நீங்க நம்பணும்னா நம்பவே வேண்டாம். அவரு சொன்னத நம்புனீங்க, யாராவது அவர மிட்டாய் போட்டுக் காட்டச் சொன்னீங்களா? நான் சொல்லுதேன். போட்டேன். அது போதும்."

சொல்லிவிட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து ரிப்பனுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். கத்திரி மடியில் இருந்தது. "அந்த எழுத்த எடுத்தாத்தான் வெட்டுவேன்."

நெல்லைநாயகம் வாட்சைப் பார்த்தார். ஜோசியர் குறித்துக் கொடுத்த நேரத்தில் கொஞ்சம்தான் மிச்சம். கத்திரி ஒன்றை வரவழைத்து வேறு யாரையாவது வெட்டச் சொல்லலாம்தான். ஆனால் பொன்னாடை போர்த்தின விருந்தாளியை நாற்காலியோடு தள்ளிவைத்துவிட்டு வெட்ட வேண்டும், அதையும் நேரலையில் வெட்ட வேண்டும். "எத்தன பேருவே பாக்காங்க?" என்று கோமதிசங்கரிடம் மெதுவாகக் கேட்டார். அவன் போனைத் திருப்பிக் காட்டினான். பார்த்ததும் நெல்லைநாயகத்தின் முகம் மாறிவிட்டது. யாரும் சொல்லாமலே ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். கண்ணாடியில் ஒட்டியிருந்த எழுத்துகளைத் தன் நகத்தாலேயே சுரண்டத் தொடங்கினார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியது. கால் போயிற்று. இடறியும் போயிற்று.

"போதுமாக்கா?" என்று மூச்சு வாங்க இறங்கினார்.

"எழுத்து போயிட்டு. சொன்ன வாயி இருக்குல்லா?"

"யக்கா, அவருக்கு வயசாயிட்டு..."

"எனக்கும்தான் வயசாயிட்டு."

அவள் எழுந்திருக்கவில்லை. அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று நினைத்தோ என்னவோ, நெல்லைநாயகம் ஆட்களைக் கூப்பிட்டு நாற்காலியைத் தூக்கச் சொன்னார். தூக்கிக்கொண்டு போகும் வழி இசக்கிச்செல்வியைத் தாண்டித்தான் போக வேண்டும். பக்கத்தில் வந்ததும் கிழவர் கையைக் காட்டி நிறுத்தினார். அவளுக்கு மட்டும் கேட்கிறாற்போலக் குனிந்தார். கோபமெல்லாம் வடிந்திருந்தது. கிட்டத்தட்டச் சிரித்தார்.

"நல்ல கனம்டி அந்தக் கொடம்" என்றார்.

முப்பது வருடத்துக்கு மேல் அவள் காத்திருந்த வார்த்தை அது. கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க முடியாது. இது போதும் என்று எழுந்து போகிறவர்கள் எழுந்து போயிருப்பார்கள். இசக்கிச்செல்வி நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"மைக்குல சொல்லும்வே."

கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போது பொன்செல்வி வாயிலிருந்து சேலைத் தலைப்பை எடுத்தாள். நேரே மேசைக்குப் போய் மைக்கை எடுத்தாள். தன் ஆபீஸ் ஆட்கள் அத்தனை பேரும் பார்க்க, மைக் செட்டுக்காரரிடம், "ஆன் பண்ணுங்கண்ணே. நான் ஆட்டக்காரி மகதான். பண்ணுங்க" என்றாள். அவர் நெல்லைநாயகத்தைப் பார்த்தார். நெல்லைநாயகம் வாட்சைப் பார்த்தார்.

மைக் உயிர் பெற்றுக் கிரீச்சிட்டது. பொன்செல்வி அதைக் கிழவர் வாய்க்கு நேராகப் பிடித்தாள். அவர் மூச்சு வாங்குவது இரண்டு பக்க ஸ்பீக்கர் பெட்டியிலும், ரோட்டு முனைவரைக்கும் கேட்டது. கை நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது. ராஜபாளையம் பஸ் ஒன்று போக வழியில்லாமல் நின்று, அதிலிருந்தவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

"சொல்லிருங்கப்பா" என்றார் நெல்லைநாயகம், அழுகிற குரலில். "நேரம் போவுதுப்பா. சொல்லிருங்க."

மூச்சுச் சத்தம் இன்னும் கொஞ்ச நேரம் ஓடியது. பொன்செல்வி மைக்கை இறக்கவில்லை.

"இடறல" என்றார் ஆவுடையப்பன். "நான் கைய வச்சேன். அவளாத்தான் போட்டா."

இசக்கிச்செல்வி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து ரிப்பனை வெட்டினாள். ராகு காலம் பிறந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.